சிரிக்க வைத்தவனுக்கு ஆறடி மண் இல்லையாம்!

1673-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள். பாரிஸ் மாநகரிலே பாலே ரோயால் நாடக அரங்கு. மேடையிலே ஒரு சாய்வு நாற்காலி. அதிலே ஒரு பணக்காரன். உடலிலே ஒரு நோயுமில்லை அவனுக்கு. ஆனால் உலகத்து நோயெல்லாம் தன் உடலில்தான் குடியிருக்கிறது என்று நம்பிக்கொண்டு, மருந்துக் கடைக்காரன் அனுப்பிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் எத்தனை மருந்து, சென்ற மாதம் எத்தனை மருந்து என்று கணக்குப் பார்க்கிறான். மருந்து குறைந்துவிட்டதாம், அதனால்தான் உடம்பு சரியில்லையாம்! மக்கள் விலா நோகச் சிரிக்கிறார்கள்.

நாடகம் முடியும் வேளை. நோயாளிக்கே மருத்துவர் பட்டம் சூட்டும் கேலிச் சடங்கு. பட்டம் பெறுபவன் உறுதிமொழி கூறவேண்டும். அப்போது அந்த நடிகரின் உடல் ஒரு வலிப்பிலே துடித்தது. வந்த வலிப்பை ஒரு சிரிப்பாக மாற்றிக் காட்டி மறைத்தார் அவர். கண்டுகொண்டோர் சிலர்; காணாதோர் பலர். திரை விழுந்தது. வீட்டுக்குத் தூக்கிச் சென்றனர். இருமல். இரத்தம். அன்றிரவே உயிர் பிரிந்தது.

நோயில்லாத நோயாளியாக நடித்தவர் உண்மையிலேயே சாகும் நோயாளி! சிரிப்பை மூட்டிய அந்த மனிதர்தான் மோலியர். பிரெஞ்சு நாடகத்தின் தந்தை என்று இன்று உலகம் போற்றும் அவருக்கு, அன்று அவர் வாழ்ந்த பகுதியின் கோயில், புதைக்க ஆறடி மண் தர மறுத்தது.

ஏன் மறுத்தது? கொலை செய்தாரா? கொள்ளையடித்தாரா? இல்லை, தோழர்களே! சிரிக்க வைத்தார். யாரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று ஊர் சொல்லி வைத்திருந்ததோ, அவர்களைப் பார்த்து மக்களைச் சிரிக்க வைத்தார். அந்தக் குற்றத்தின் கதைதான் இது.

மெத்தைக் கடையிலிருந்து மேடைக்கு

1622-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பாரிசிலே ஞானஸ்நானம் பெற்ற அக்குழந்தைக்கு இட்ட பெயர் ழான் பாப்டிஸ்ட் போக்லன். தந்தை மெத்தையும் திரைச்சீலையும் நாற்காலி உறையும் செய்து விற்பவர். வெறும் கடைக்காரரல்ல, அரண்மனைக்கே மெத்தை வேலை செய்யும் பதவி பெற்றவர். அரசரின் படுக்கையைச் சீர்செய்யும் பாக்கியம் அந்தக் குடும்பத்துக்கு! தனக்குப்பின் மகனே அந்தப் பதவிக்கு வரவேண்டும் என்று தந்தை ஏற்பாடும் செய்துவிட்டார். பத்து வயதிலே தாயை இழந்த மகன், பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கிளெர்மோன் கல்லூரியிலே படித்தான்.

பதவி தயார், கடை தயார், வாழ்க்கை தயார். மகனோ 1643-இல் அந்தப் பதவி வேண்டாம் என்றான். தாயின் சொத்தில் தன் பங்கிலிருந்து 630 லீவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு நாடகக்காரர்களோடு சேர்ந்தான்.

இன்றைக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. ஆனால் அன்றைய பாரிசில் நடிகன் என்றால் யார்? மேடையில் கைதட்டலாம், தெருவில் ஒதுக்கவேண்டும். தொழிலைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தாலன்றி அவனுக்குக் கோயிலின் சடங்கும் இல்லை, கோயில் மண்ணில் இடமும் இல்லை. அப்படிப்பட்ட தொழிலுக்குத்தான் அரண்மனைப் பதவியை உதறிவிட்டு வந்தான் அந்த இளைஞன். குடும்பப் பெயரை விட்டு மோலியர் என்ற பெயரையும் சூட்டிக்கொண்டான்.

மாதலேன் பெஜார் என்ற நடிகையும் அவரைச் சேர்ந்தவர்களும் மோலியருமாகப் பத்துப்பேர் கூடிக் குழு அமைத்தனர். பந்து விளையாடும் கூடமொன்றை வாடகைக்குப் பிடித்து அரங்காக்கினர். பெயர் பெரிது, வசூல் சிறிது. மின்விளக்கு இல்லாத காலம். மேடைக்கு வெளிச்சம் வேண்டுமானால் மெழுகுவர்த்தி வேண்டும். மெழுகுவர்த்திக்குப் பணம் வேண்டும். 1645-இல் மெழுகுவர்த்தி விற்றவன் கடனுக்காக வழக்குத் தொடுத்தான். மோலியர் சிறையிலே அடைக்கப்பட்டார். வெளிச்சம் தேடியவனுக்குக் கிடைத்தது இருட்டறை!

பதின்மூன்று ஆண்டு வண்டிப் பயணம்

வெளியே வந்த மோலியர் பாரிசை விட்டுப் புறப்பட்டார். ஏறத்தாழ 13 ஆண்டுகள் தெற்கே ஊர் ஊராகச் சுற்றினார். சந்தைகூடும் ஊர்களிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் நாடகம்.

இந்த ஆண்டுகள்தாம் அவருடைய உண்மையான கல்லூரி. பெசெனாஸ் என்ற ஊரிலே முடிதிருத்தும் கடையொன்றில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருவோர் போவோர் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாராம். அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை அது. கதையோ உண்மையோ, அவருடைய நாடகங்களைப் படிப்போர் ஒன்றை அறிவர். அதிலே வரும் பேச்சு ஏட்டிலிருந்து எடுத்ததல்ல. கடையிலும் சந்தையிலும் அடுக்களையிலும் கேட்டது.

இன்னொரு பாடமும் அங்கே கிடைத்தது. கோந்தி இளவரசர் என்ற பெருமகன் 1653 முதல் குழுவை ஆதரித்தார். தன் பெயரையே குழுவுக்குக் கொடுத்தார். சில ஆண்டுகளில் அவருக்குத் திடீரென்று பக்தி பிறந்தது. நாடகம் பாவம் என்றார். பெயரைத் திரும்பப் பெற்றார். பின்னர் நாடகத்தைத் தூற்றி நூலே எழுதினார். நேற்று வரை முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர், இன்று அதே சிரிப்பைப் பாவமென்கிறார்! இதை மோலியர் மறந்திருப்பாரா?

1658-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், லூவ்ர் அரண்மனையில், இருபது வயது மன்னன் பதினான்காம் லூயியின் முன் நடிக்கும் வாய்ப்பு வந்தது. முதலில் பெருங்கவிஞர் கொர்னேயின் சோக நாடகம். அவையிலே பெரிய அசைவில்லை. அதன்பின் ஊர்ப்புறங்களிலே ஆடிய சிறு நகைச்சுவை நாடகம் ஒன்றை ஆட அனுமதி கேட்டார் மோலியர். மன்னன் சிரித்தான். மன்னன் சிரித்தால் அவை சிரிக்காதா? பாரிசிலே அரங்கு கிடைத்தது.

சிரிப்பின் சூத்திரம்

அடுத்த ஆண்டே, 1659-இல், நாகரிகம் என்ற பெயரால் பேச்சையே முறுக்கிப் பேசிவந்த சீமாட்டிகளை மேடைக்குக் கொண்டுவந்தார். எஜமானின் உடையை அணிந்து வந்த வேலைக்காரனைப் பெரிய பிரபு என்று நம்பி இரண்டு பெண்கள் மயங்குகிறார்கள். அவன் உளறுவதெல்லாம் கவிதை என்கிறார்கள். பிரபுவுக்கும் வேலைக்காரனுக்கும் உள்ள வேறுபாடு சட்டையளவுதானா? அந்தக் கேள்வியை மோலியர் வாயால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்டனை. காட்டினார், சிரித்தார்கள்.

நையாண்டியின் சூத்திரம் இதுதான். குற்றவாளியைக் குற்றவாளி என்று சொல்வது மேடைப்பேச்சு. குற்றவாளியையே பேசவிட்டு, அவன் வாயாலேயே அவனைக் காட்டிக்கொடுக்கச் செய்வது நையாண்டி.

'கருமி' நாடகத்தைப் பாருங்கள். 1668-இல் ஆடியது. பத்தாயிரம் பொற்காசைப் பெட்டியிலிட்டுத் தோட்டத்திலே புதைத்து வைத்திருக்கும் கிழவன், வேலைக்காரனைச் சோதனை போடுகிறான். ஒரு கையைக் காட்டு என்கிறான், காட்டுகிறான். மற்றொரு கை, அதையும் காட்டுகிறான். பின்னர் மீதிக் கைகளையும் காட்டச் சொல்கிறான்! பணப்பேய் பிடித்தவனுக்குப் பிறர் எல்லோருக்கும் நாலு கை, ஐந்து கை இருப்பதாகத் தோன்றுகிறது. பணம் திருட்டுப் போனதும், திருடனைப் பிடித்துவிட்டதாகக் கத்திக்கொண்டு தன் கையையே தான் பிடித்துக்கொள்கிறான். பணத்தாசை மனிதனை என்ன செய்யும் என்று பத்து அறிவுரை நூல் சொல்வதை அந்த ஒரு பிடி சொல்லிவிடுகிறது.

1670-இல் வந்தது புதுப்பணக்காரன் கதை. துணி வணிகத்தில் சேர்த்த பணத்தைக் கொட்டிப் பிரபுவாக முயலும் ஒருவன், நடனம் கற்கிறான், வாள் கற்கிறான், தத்துவம் கற்கிறான். கவிதையல்லாத பேச்செல்லாம் உரைநடை என்று ஆசிரியர் சொல்லக் கேட்டு, நாற்பதாண்டுக்கு மேலாகத் தனக்கே தெரியாமல் உரைநடை பேசி வந்திருக்கிறோமே என்று பூரித்துப் போகிறான்! அரண்மனையிலே அதைப் பார்த்த பிரபுக்கள் வணிகனைக் கண்டு சிரித்தனர். பாரிசிலே பார்த்த வணிகர்களோ, அவனிடம் கடன் வாங்கியே பிழைக்கும் பிரபுவைக் கண்டு சிரித்தனர். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கண்ணாடி வைத்தார் மோலியர்.

அந்த நாடகங்களிலே உண்மையை முதலில் காண்பவர் யார் தெரியுமா? பட்டம் பெற்றவரல்ல, பட்டு உடுத்தியவருமல்ல. பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்! எஜமானன் ஏமாறுவதை அவள் கண்டுகொள்கிறாள், முகத்துக்கெதிரே சொல்கிறாள், அடிக்க வந்தாலும் வாயை மூட மறுக்கிறாள். ஏமாறும் முட்டாள் எஜமானனாக நடிப்பவரோ மோலியரே! கருமி அவர்தான். புதுப்பணக்காரன் அவர்தான். பொய் நோயாளியும் அவர்தான். பிறரைப் பழிக்க விரலை நீட்டியவர், முட்டாளின் முகமாகத் தன் முகத்தையே கொடுத்தார்.

வேடதாரிக்கு வந்த கோபம்

1664-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள். வெர்சேல்சில் மன்னனின் பெருவிழா. அங்கே அரங்கேறியது 'தார்த்தூப்'. கதை எளிது. வசதியான குடும்பத் தலைவன் ஒருவன், கோயிலிலே உரக்கப் பெருமூச்சு விட்டுத் தரையை முத்தமிட்டு வழிபடும் ஓர் ஏழைப் பக்தனைக் கண்டு மயங்கி, வீட்டுக்கு அழைத்து வருகிறான். வந்தவன் தின்கிறான், கொழுக்கிறான், வீட்டையே ஆளுகிறான். வீட்டுத் தலைவியின்மீதும் கண் வைக்கிறான். சொத்தையும் எழுதி வாங்குகிறான்.

வெளியூர் போய்த் திரும்பிய வீட்டுத் தலைவனிடம், அம்மாவுக்குக் காய்ச்சல் என்கிறாள் பணிப்பெண். அவனோ பக்தனின் நலம் கேட்கிறான். நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறார் என்கிறாள். ஐயோ பாவம் என்று பக்தனுக்கு இரங்குகிறான்! அம்மா உண்ணவில்லை, உறங்கவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, மீண்டும் மீண்டும் அதே கேள்வி, அதே இரக்கம். முதல் முறை கேட்டபோது சிரித்தவன், நான்காம் முறை சிரிக்கும்போது சற்றே திடுக்கிடுவான். அந்தக் குருட்டு நம்பிக்கை தன்னிடமும் உண்டோ என்று தன்னையே கேட்பான்.

கடவுளைக் கேலி செய்யவில்லை மோலியர். கடவுள் பெயரைச் சொல்லி வீடு புகுந்தவனைக் கேலி செய்தார். ஆனால் கோபம் யாருக்கு வந்தது? பாரிசிலே திருச்சாதனச் சங்கம் என்றொரு இரகசியக் கூட்டம் இருந்தது. பெரும்புள்ளிகள் பலர் அதிலே உறுப்பினர். நாடகம் மேடையேறுமுன்பே, அதே ஆண்டு ஏப்ரலில், அதை ஒழிக்க வழி தேடிக் கூடிப் பேசியிருந்தனர். பாதிரியார் ஒருவர் மோலியரை உயிரோடு கொளுத்தவேண்டும் என்றே எழுதினார். மன்னன் சிரித்துப் பார்த்த நாடகத்தை மன்னனே தடை செய்தான்!

தடைக்குப்பின் மோலியர் அடங்கினாரா? 1665-இல் 'டோன் ழுவான்' வந்தது. கடவுளை நம்பாத பிரபு. அவனுக்கு ஒரு வேலைக்காரன். பிரபு தெளிவாகப் பேசுகிறான். மதத்துக்காக வாதாடும் பொறுப்பு அந்த உளறுவாயன் வேலைக்காரனுக்கு! வாதத்தின் நடுவிலேயே சுழன்று தடுக்கி விழுகிறான் அவன். ஆனால் பிரபுவையும் விடவில்லை மோலியர். காட்டிலே பட்டினி கிடக்கும் பிச்சைக்காரனிடம், கடவுளைப் பழித்தால் பொற்காசு தருவதாகச் சொல்கிறான் பிரபு. பசியால் செத்தாலும் பழிக்கமாட்டேன் என்கிறான் பிச்சைக்காரன். பொன்னைக் காட்டி ஏழையின் மனத்தை விலைபேசும் பிரபு அங்கே சிறுத்துப் போகிறான். முதல் நாளுக்குப்பின் அந்தக் காட்சி நீக்கப்பட்டது. 15 முறை ஆடியபின் நாடகமே நின்றது. மோலியர் இருந்தவரை மீண்டும் மேடையேறவில்லை.

1667 ஆகஸ்டு 5-ஆம் நாள் தார்த்தூப்பை மீண்டும் கொண்டுவந்தார். பெயரை மாற்றினார், பக்தனுக்குக் கத்தியும் பூவேலைச் சட்டையும் மாட்டினார். மன்னன் போர்க்களத்தில் இருந்தான். மறுநாளே பாரிஸ் நீதிமன்றத் தலைவர் லாமுவாஞன் தடை விதித்தார். 11-ஆம் நாள் பேராயரின் ஆணை வந்தது: இந்நாடகத்தைப் பார்ப்பவன், படிப்பவன், படிக்கக் கேட்பவன் எவனாயினும் திருச்சபைக்குப் புறம்பானவன்! மன்னனிடம் மனுக்கொடுக்க இரண்டு நடிகர்கள் போர்முனைக்கே ஓடினர். அரங்கு ஏழு வாரம் மூடிக்கிடந்தது.

இறுதியில் 1669 பிப்ரவரி 5-ஆம் நாள் தடை நீங்கியது. கூட்டம் அலைமோதியது. முதல் நாள் வசூல் 2,860 லீவர். ஐந்தாண்டு தடை செய்தவர்கள் ஐந்தாண்டு விளம்பரம் செய்திருந்தனர்!

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த வெற்றியிலே மன்னனின் நிழல் உண்டு. நாடகத்தின் முடிவிலே வேடதாரியைப் பிடிப்பது மக்களல்ல. எல்லாம் அறிந்த மன்னனின் காவலதிகாரி. எல்லோரையும் நையாண்டி செய்த பேனா, அரியணைக்கு முன் மட்டும் வணங்கியது. அந்தக் காலத்தில் வேறு குடை இல்லை என்பது உண்மை; குடை பிடித்தவனைப் பற்றிப் பாட முடியாது என்பதும் உண்மை. மன்னன் தயவில் கிடைத்த உரிமை, மன்னன் முகம் திரும்பினால் போய்விடும். பேராயரின் ஆணை அதைத்தான் காட்டியது.

ஐம்பது பேர் கூலி

கடைசி நாடகத்தில் அவர் குறிவைத்தது மருத்துவர்களை. இரத்தம் உடலில் சுற்றியோடுகிறது என்று ஆங்கில நாட்டு ஹார்வி 1628-இலேயே நூல் எழுதிவிட்டார். 45 ஆண்டுக்குப் பின்னும் பாரிஸ் மருத்துவக் குருமார்கள் அதை ஏற்க மறுத்துவந்தனர். அந்தப் புதுக் கொள்கையை எதிர்த்து எழுதிய ஏட்டைப் பெருமையோடு காட்டும் ஒரு மடையனை மேடையிலே நிறுத்தினார் மோலியர். எந்த நோய் என்று கேட்டாலும் ஒரே பதில்: எனிமா கொடு, இரத்தம் எடு, பேதி கொடு! அதையும் அரைகுறை லத்தீனில் சொல்லவைத்தார். புரியாத மொழியில் சொன்னால் பொருளற்றதும் புனிதமாகிவிடும் அல்லவா? அந்த மயக்கத்தைத்தான் கிழித்தார்.

அவரோ பல ஆண்டுகளாக நெஞ்சு நோயாளி. நான்காம் நாள் ஆட்டத்தன்று உடல்நிலை மோசம். இன்று நடிக்கவேண்டாம் என்று மனைவி ஆர்மாந்தும் இளம் நடிகன் பாரோனும் கெஞ்சினர். 1705-இல் அவர் வாழ்க்கையை எழுதிய கிரிமாரே கூறுவது இது: நாட்கூலியை நம்பி ஐம்பது தொழிலாளிகள் இருக்கிறார்கள், ஆட்டம் நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று மோலியர் கேட்டாராம். விளக்கேற்றுபவன், திரை இழுப்பவன், மேடை பெருக்குபவன்—இவர்களுடைய ஒரு நாள் கூலிக்காக மேடையேறினார் அந்த மனிதர். மெழுகுவர்த்திக் கடனுக்குச் சிறை சென்றவர் அல்லவா? ஒரு நாள் கூலி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

உயிர் பிரியும் நேரம். பாதிரியாரை அழைத்துவர ஆள் ஓடியது. இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வந்துசேர்ந்தபோது மூச்சில்லை. நடிகத் தொழிலைக் கைவிடுவதாக அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே மண் இல்லை என்றனர். வேடதாரிகளைக் காட்டிக்கொடுத்த வேடக்காரனுக்கு மண் இல்லை! மனைவி பேராயரிடம் மனுக்கொடுத்தாள். மன்னனிடம் போய் மன்றாடினாள். அரைமனதோடு இணங்கினர்: பகலில் கூடாது, கோயிலில் வழிபாடு கூடாது, ஆரவாரம் கூடாது. பிப்ரவரி 21-ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குச் சவ ஊர்வலம் புறப்பட்டது.

ஆனால் இருட்டிலே புதைக்க நினைத்தவர்கள் ஒன்றை மறந்தனர். தீப்பந்தம் ஏந்தி வந்தனர் மக்கள்! ஒரு காலத்தில் மெழுகுவர்த்திக்கு வழியில்லாதவனுக்குப் பந்த வெளிச்சத்திலே இறுதிப் பயணம்.

பிறகு? 1680-இல் அவருடைய குழுவும் போட்டிக் குழுவும் ஒன்றாக்கப்பட்டுப் பிரான்சின் தேசிய அரங்காயிற்று. அதற்கு மோலியர் வீடு என்றே பெயர் வழங்குகிறது. கடைசி நாளில் அவர் அமர்ந்து நடித்த நாற்காலி அங்கே காக்கப்படுகிறது. பிரெஞ்சு மொழியையே மோலியரின் மொழி என்கிறார்கள். 2022-இல், அவர் பிறந்து 400 ஆண்டு நிறைந்தபோது, முதன்முதல் தடை செய்யப்பட்ட அந்தத் தார்த்தூப்பின் மூன்று அங்க வடிவத்தை ஆய்ந்து மீட்டு, அதே அரங்கில் ஆடினர். தடை விதித்த நீதிமன்றத் தலைவரையும் பேராயரையும் இன்று உலகம் அறிவது எதனாலே? மோலியரின் கதையிலே அவர்கள் வருவதாலே!

தோழர்களே! வேலை முடிந்து களைத்துக் கொட்டகையில் உட்கார்ந்து சிரிக்கும்போது, ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தச் சிரிப்பு யாரைச் சுடுகிறது? நொண்டியை, குருடனை, ஏழையை, சேரிக்காரனைக் காட்டிச் சிரிக்க வைப்பவன் பலமுள்ளவனுக்குக் கூலிவேலை செய்கிறான். ஏய்ப்பவனைக் காட்டிச் சிரிக்க வைப்பவனே நம்மவன். அவன் இருக்கும்போதே அவனுக்குக் கைதட்டுங்கள். தீப்பந்தம் ஏந்த இரவு ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டாம்.